டர்பனில் ஒரு தமிழ்ப் படத்தின் நான்கு வாரங்கள்: திருட்டுப் பிரதி எந்த நாளில் அடிக்கிறது?

தமிழ்நாட்டில் காலை 9 மணிக் காட்சி தொடங்கும்போது டர்பனில் அதிகாலை 5.30. அந்தக் காட்சி முடிந்து ரசிகர்கள் வெளியே வரும் நேரத்தில் இங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தியேட்டரில் கைபேசி வைத்து எடுத்த பிரதி இந்திய நேரம் பிற்பகலில் இணையத்தில் ஏறிவிட்டால், டர்பனில் அப்போது மதியச் சாப்பாட்டு வேளைகூட ஆகியிருக்காது. டர்பனில் அந்தப் படத்தின் முதல் காட்சி மாலையில்தான். ஆக, இங்கே படம் திரைக்கு வருமுன்பே அதன் திருட்டுப் பிரதி வந்துவிடுகிறது. மூன்றரை மணி நேர வித்தியாசமும் வேலைநாள் மாலையும் சேர்ந்து செய்யும் வேலை இது.

இதைப் பார்க்கும் எவரும் முதல் நாள் கேமரா பிரதிதான் தென்னாப்பிரிக்க வசூலைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அது பெருமளவு சரி. டர்பனுக்கு அது பொருந்தாது என்பதே இந்த ஆய்வின் வாதம். இங்கே அடி விழும் நாள் வேறு, அடிக்கும் பிரதியும் வேறு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பெரிய நட்சத்திரம் இல்லாத, நடுத்தரச் செலவில் எடுத்த ஒரு தமிழ்ப் படம். மாதிரிக்காக அமைத்தது என்பதால் பெயர் தரவில்லை. வசூல் கணக்கில் வரும் தொகைகளும் டிக்கெட் எண்ணிக்கையும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. தொழில்நுட்பம், சட்டம், வழக்குகள் எல்லாம் உள்ளபடியே.

பார்க்கிறவர் யார்?

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அன்று தொடங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வரவில் வந்தவர்களின் வாரிசுகள்தான் இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர். கோயிலில் தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்கும் அனுப்புவார்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். வசனத்தைக் காதால் கேட்டு முழுவதும் பின்தொடரக்கூடியவர்கள் வயதானவர்களும் அண்மையில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களும்தான். மற்றவர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் இல்லாத தமிழ்ப் படம் பாட்டும் சண்டையும் மட்டுமே.

மலேசியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான். இங்கே சப்டைட்டில் இல்லாத பிரதிக்குச் சந்தை சிறியது, சப்டைட்டிலோடு வரும் பிரதிக்குப் பெரியது. வெளிநாட்டு உரிமையை 'எஃப்எம்எஸ்' (வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர்) என்று ஒரே கட்டாகக் கட்டி விற்கும்போது இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை.

நேர்வழி அடைபட்டு சுற்றுவழியில் படம் பார்த்த பழக்கமும் இந்த ஊருக்குப் பழையது. இந்தியா 1946-ல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது; 1993-ல்தான் தூதரக உறவு திரும்பியது. இடைப்பட்ட காலத்திலும் கிரே தெரு வட்டாரத்துத் தியேட்டர்களில் இந்தியப் படங்கள் ஓடின. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி வந்ததே 1976-ல்தான். அதன் பின்னால் வீடியோ கேசட் வந்தது. கேசட்டைப் பிரதி எடுத்து வாடகைக்கு விட்டவரை அன்று யாரும் திருடர் என்று சொல்லவில்லை. வேறு வழியே இல்லாத காலத்தில் வேரூன்றிய பழக்கம் அது. வழி திறந்த பிறகும் அது போகவில்லை என்பதில் வியப்பில்லை.

டிசிபியும் சாவியும்

தியேட்டருக்குப் படம் வருவது டிசிபி என்ற கட்டாக. இரண்டரை மணி நேரப் படம் பெரும்பாலும் 150 முதல் 250 ஜிபி வரை இருக்கும். வினாடிக்கு 24 சட்டகங்கள், ஒவ்வொன்றும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது. பட ஓட்டத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 250 மெகாபிட். எல்லாம் ஏஇஎஸ்-128 முறையில் பூட்டப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் வழியில் தொலைந்தாலும், யாராவது பிரதி எடுத்தாலும், சாவி இல்லாமல் ஒரு சட்டகம்கூடத் திறக்காது.

சாவிக்குத் தொழிலில் கேடிஎம் என்று பெயர். இது மின்னஞ்சலில் வரும் சிறிய கோப்பு. அதில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு: எந்தத் திரையின் சர்வர், படத்தின் எந்தப் பதிப்பு, எந்த நாள் எந்த மணியிலிருந்து எதுவரை. சர்வருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. கேடிஎம் அந்தச் சான்றிதழுக்கு மட்டுமே திறக்கும். பக்கத்துத் திரைக்குக்கூட அதே சாவி பயன்படாது.

தென்னாப்பிரிக்க வெளியீடுகளில் தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான், அதற்குக் காரணங்கள் சில. தியேட்டரில் அந்தச் சான்றிதழ் இருக்கும் மீடியா பிளாக் என்ற பாகம் பழுதாகி மாற்றியிருப்பார்கள், ஆனால் சென்னையில் சாவி போடுபவரிடம் பழைய சான்றிதழே இருக்கும். சாவி வரும், திறக்காது. சாவியின் தொடக்க நேரத்தை இந்திய நேரமாக மாற்றிக் கணக்கிட்டு, அதையே டர்பன் நேரம் என்று தவறாகப் போட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை நள்ளிரவிலிருந்து திறக்க வேண்டியது மூன்றரை மணி நேரம் தள்ளித் திறந்தால் மாலைக் காட்சிக்குப் பாதகமில்லை. ஆனால் முந்தின இரவில் ஓட்டிப் பார்க்கும் சோதனை நடக்காது. அந்தச் சோதனை நடக்காவிட்டால் அடுத்து சொல்லப்போகும் தவறு மாலை வரை தெரியாது.

அந்தத் தவறு சப்டைட்டில். அதற்கென்று படத்தின் தனிப் பதிப்பு இருக்கும். பல சமயம் மூலக் கட்டு ஒன்றாகவும், சப்டைட்டில் மட்டும் உள்ள சிறு கட்டு இன்னொன்றாகவும் வரும். இரண்டையும் சர்வரில் ஏற்றினால்தான் சப்டைட்டில் பதிப்பு ஓடும். சாவி பதிப்போடு கட்டப்பட்டது என்பதால், சப்டைட்டில் இல்லாத பதிப்புக்குப் போட்ட சாவி சப்டைட்டில் பதிப்பைத் திறக்காது. டிசிபியின் நீண்ட பெயரில் மொழிப் பகுதியைப் படித்தாலே இது தெரிந்துவிடும்: சப்டைட்டில் இருக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்எக்ஸ்' என்றிருந்தால் அந்தப் பதிப்பில் சப்டைட்டில் இல்லை. பெயரைப் படிக்க அரை நிமிடம் போதும். அதைப் படிக்காமல் வெள்ளிக்கிழமை மாலை 120 பேரை உட்காரவைத்து, சப்டைட்டில் இல்லாமல் படம் ஓட்டினால் அவர்களில் எத்தனை பேர் அடுத்த தமிழ்ப் படத்துக்குச் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்வே வணிக வளாகம் வரை சுமார் 30 கிலோமீட்டர் கார் ஓட்டி வருவார்கள்? திருட்டுப் பிரதிக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது.

முதல் நாள் பிரதி

முதல் நாள் இணையத்தில் வருவதைத் தொழிலில் கேம் பிரின்ட் என்பார்கள். ஒலி சுமாராகத் தெளிந்திருந்தால் பிரீடிவிடி என்று பெயர் போட்டுக்கொள்வார்கள். 200 ஜிபி கட்டின் இடத்தில் 1.4 ஜிபி கோப்பு. இரண்டரை மணி நேரத்துக்குப் பிரித்தால் வினாடிக்கு 1.2 மெகாபிட் சொச்சம். இருண்ட காட்சிகள் சேறாகத் தெரியும், முன்வரிசைக்காரர் எழுந்து போவது தெரியும், ஓரத்தில் ஏதோ ஒரு பந்தய நிறுவனத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த விளம்பரம்தான் இந்த வியாபாரத்தின் வருமானம். சப்டைட்டில் அநேகமாக இருக்காது.

இதை எடுப்பவர்களைப் பற்றி ஓரளவு தெளிவு கிடைத்தது கேரளத்தில். 2024 மே மாதம் 'குருவாயூரம்பல நடையில்' படத்தின் பிரதி வெளியானபோது தயாரிப்பு நிறுவனம் கொச்சி சைபர் போலீஸில் புகார் கொடுத்தது. பிரதி திருவனந்தபுரத்துத் தியேட்டர் ஒன்றில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்து ஊழியர்களை விழிப்பாக இருக்கச் சொன்னார்கள். ஜூலையில் அதே தியேட்டரில் 'ராயன்' படத்தைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவர் பிடிபட்டார். இருக்கையில் கோப்பை வைக்கும் குழியில் கைபேசியைப் பொருத்தியிருந்தார் என்று செய்திகள் வந்தன. தோளில் கேமரா தூக்கிக்கொண்டு போகும் ஆளைத் தேடுகிற காவலாளிக்கு இவர் கண்ணில் படவே மாட்டார்.

தியேட்டரைக் கண்டுபிடித்தது எப்படி? டிஜிட்டல் சினிமா விதிகளின்படி ஒவ்வொரு சர்வரும் படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத ஒரு வாட்டர்மார்க்கைப் போட்டுக்கொண்டே ஓடும். அதில் குறைந்தது 35 பிட் தகவல். 16 பிட் நேரத்துக்கு: கால் மணிக்கு ஒன்று என்றால் லீப் ஆண்டில்கூட 35,136 நேரக்குறிகள்தான், 16 பிட்டில் 65,536 வரை அடங்கும். மீதி 19 பிட் திரையை அடையாளம் காட்ட: 5,24,288 திரைகளுக்கு இடமுண்டு. திருட்டுப் பிரதியில் ஐந்து நிமிடத் துண்டு கிடைத்தால் இந்த 35 பிட்டும் முழுசாக அதற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கோணலாக எடுத்தாலும், மறுபடி சுருக்கினாலும் தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்டது.

வாட்டர்மார்க் திரையையும் நேரத்தையும் சொல்லும், இருக்கையைச் சொல்லாது. எந்தக் கோணத்தில் எடுத்திருக்கிறது என்று பார்த்து இருக்கையைக் குத்துமதிப்பாகக் கணித்து, முன்பதிவுப் பட்டியலோடும் சிசிடிவி பதிவோடும் ஒப்பிடுவது மனித வேலை. தியேட்டர்காரர் சிசிடிவி பதிவை ஒரு வாரத்தில் அழித்துவிடுகிறவராக இருந்தால் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும்.

இந்தியாவில் 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டம் தியேட்டரில் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்ச ரூபாயிலிருந்து தணிக்கை செய்த தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் சொல்கிறது. கடுமையான சட்டம்தான். ஆனால் 2025-ல் ஹைதராபாத் போலீஸ் பிடித்த கும்பலில் தியேட்டரில் பதிவு செய்தவர்கள் ஒரு பக்கம், படங்களைத் தியேட்டர்களுக்கு அனுப்பும் நிறுவனங்களின் சர்வருக்குள் நுழைந்து எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொரு பக்கம். தியேட்டர் வாசலில் கைபேசியைப் பறிமுதல் செய்வதால் இரண்டாவது வகை நிற்காது.

இணையதளங்களை முடக்கும் உத்தரவுகளும் உண்டு. 2018 நவம்பரில் '2.0' வெளியாவதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொன்னது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், முடக்கிய தளம் வேறு பெயரில் முளைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும் வகை தடையாணையைக் கொண்டுவந்தது. இவை கட்டுப்படுத்துவது இந்தியாவின் இணையச் சேவை நிறுவனங்களை. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டு ஃபைபர் இணைப்பில் அந்தத் தளங்கள் எந்தத் தடையும் இல்லாமல் திறக்கும். சென்னையில் வழக்கு வென்ற செய்தி இங்கே செய்தித்தாளில் வரும். தளமும் பக்கத்திலேயே திறந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் முதல் வார இறுதியில் டர்பன் தியேட்டருக்கு வரும் கூட்டத்தை இந்தக் கேம் பிரின்ட் பெரிதாகக் குறைப்பதில்லை என்றே சொல்வோம். வருபவர்களுக்கு அது வெளியே போய் வரும் நாள், சப்டைட்டிலோடு பார்க்கும் வாய்ப்பு. கேம் பிரின்ட் பறிப்பது பெரும்பாலும் சப்டைட்டில் தேவைப்படாத, நேரடியாகத் தமிழ் புரிந்த சிறு பகுதியினரை. அவர்களோ, படம் நன்றாக இருந்தால் பிரதி பார்த்த பின்னும் தியேட்டருக்கு வருகிறவர்கள்.

56 குடும்பங்கள்

இப்போது பணம். டிக்கெட் 100 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் வாட் 15 சதவீதம். 100 ராண்டில் 13.04 அரசுக்கு. மீதி 86.96. முதல் வாரம் தியேட்டரும் வினியோகஸ்தரும் பாதிப் பாதி என்றால் வினியோகஸ்தர் கைக்கு 43.48 ராண்ட். இரண்டாம் வாரம் பங்கு 40 சதவீதமாக இறங்கினால் 34.78.

வினியோகஸ்தர் தென்னாப்பிரிக்க உரிமைக்கு 60,000 ராண்ட் மினிமம் கேரண்டி (படம் ஓடாவிட்டாலும் திரும்பாத முன்தொகை) கொடுத்தார். டிசிபி, சாவிகள், திரைப்பட மற்றும் வெளியீட்டு வாரியத்தின் வகைப்படுத்தல், சுவரொட்டி, வானொலி விளம்பரம் எல்லாம் சேர்ந்து 25,000. மொத்தம் 85,000. முதல் வாரம் 1,650 டிக்கெட் போனால் 71,742 ராண்ட். இரண்டாம் வாரம் 450 டிக்கெட், அது 15,651. கூட்டினால் 87,393. லாபம் 2,393 ராண்ட். ஒரு மாத உழைப்புக்கு இதுதான் மிச்சம் என்றால் சிரிப்பு வரும், ஆனால் நடுத்தரப் படங்களின் நிலைமை இப்படித்தான் விளிம்பில் நிற்கும்.

இரண்டாம் வாரக் கூட்டம் பாதியானால் 225 டிக்கெட் குறையும். 7,826 ராண்ட் போகும். லாபம் போய் 5,433 ராண்ட் நஷ்டம். 225 டிக்கெட் என்பது நால்வர் கொண்ட 56 குடும்பங்கள். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் சேர்த்து 56 வீடுகளில் 'வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்' என்று முடிவெடுத்தால் போதும், அடுத்த படத்துக்கு 60,000 கொடுக்க இந்த ஆள் வரமாட்டார்.

திருட்டாகப் பார்க்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு டிக்கெட் இழப்பு என்று கணக்குப் போடுவது தவறு. ஐரோப்பிய ஆணையத்துக்காக எகோரிஸ் நிறுவனம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், புதிய பெரிய படங்களில் திருட்டாகப் பார்க்கும் ஒவ்வொரு பத்துக்கும் முறைப்படி பார்ப்பது நான்கு குறைகிறது என்று வந்தது. ஐரோப்பியச் சந்தையின் எண் இது, டர்பனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் 225 டிக்கெட் இழக்க சுமார் 563 பார்வைகள் வேண்டும். ஒரு வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து பார்த்தால் 113 வீடுகள். அவ்வளவு பெரிய எண்ணும் இல்லை.

இந்தியாவின் மொத்த இழப்பு பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுப்பது இஒய் நிறுவனமும் இந்திய இணைய, கைபேசி சங்கமும் 2024-ல் வெளியிட்ட எண்: 2023-ல் திருட்டுச் சந்தை 22,400 கோடி ரூபாய், அதில் தியேட்டர் படங்களிலிருந்து எடுத்தது 13,700 கோடி. அது திருட்டுச் சந்தையின் அளவு. அதை அப்படியே தயாரிப்பாளர்களின் நஷ்டம் என்று மேடையில் சொல்வது கைதட்டல் வாங்கும், கணக்கில் நிற்காது.

இடையில் தாமதம் என்று ஒன்று உண்டு. தனாஹர், வால்ட்ஃபோகல் என்ற இரு பொருளியலாளர்கள் ஹாலிவுட் படங்களைப் பற்றிச் செய்த ஆய்வில், பிட்டாரென்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை பரவிய பிறகு அமெரிக்காவுக்கு வெளியே வசூல் 7 சதவீதம் குறைந்தது என்றும், அமெரிக்காவில் வெளியாகி மற்ற நாடுகளுக்கு வரும் இடைவெளிதான் அதற்குக் காரணம் என்றும் கண்டார்கள். டர்பனில் இந்த இடைவெளி சில சமயம் நாள்காட்டியால் வருகிறது. இங்கே சினிமா வாரம் வெள்ளி முதல் வியாழன் வரை. தீபாவளியும் பொங்கலும் அரசு விடுமுறை கிடையாது. 2018 தீபாவளிக்கு 'சர்கார்' தமிழ்நாட்டில் நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை வந்தது. அப்படி ஒரு படத்தை இங்கே வெள்ளிக்கிழமை வாரத்தில் போட்டால் மூன்று இரவுகள் திருட்டுப் பிரதிக்கு இனாம்.

28-ஆம் நாள்

தமிழ்ப் படங்களுக்குத் தியேட்டருக்கும் ஓடிடிக்கும் இடையே நடைமுறையில் நான்கு வாரம். இந்திப் படங்களை மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்கு விடுகிறார்கள். தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடிடியில் படம் இந்திய நேரம் நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால் டர்பனில் முந்தின நாள் இரவு 8.30. அங்கிருந்து எடுக்கும் வெப் பிரதியில்தான் ஆபத்து. மாசு இல்லாத படம், சரியான ஒலி, கூடவே ஓடிடிக்காரரே செய்த ஆங்கில சப்டைட்டில். கோப்பின் பெயரிலேயே சப்டைட்டில் உண்டு என்று போட்டிருப்பார்கள். தென்னாப்பிரிக்கர் முதலில் பார்ப்பது அதைத்தான். சாப்பாடு முடிந்து குடும்பம் டிவி முன்னால் உட்காரும் நேரத்தில் டெலிகிராம், வாட்ஸ்அப் வழியாகவோ மாதச் சந்தா வாங்கும் கள்ள ஐபிடிவி (இணையவழி டிவி) பெட்டி வழியாகவோ இது வந்துவிடுகிறது. அந்தப் பெட்டிக்கு மாதாமாதம் காசு கொடுப்பவர்கள் தாங்கள் திருட்டு எதுவும் செய்யவில்லை என்றே நம்புகிறார்கள். காசு கொடுக்கிறோம் அல்லவா என்பது அவர்கள் நியாயம்.

'28-ஆம் நாளுக்குள் டர்பன் தியேட்டர்களிலிருந்து படத்தை எப்படியும் தூக்கியிருப்பார்களே, பிறகு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். நஷ்டம் அந்த நாளில் தொடங்குவதில்லை, அந்த நாளை எதிர்பார்ப்பதில் தொடங்குகிறது. 'நாலு வாரத்தில் நல்ல பிரதி சப்டைட்டிலோடு வரும்' என்று தெரிந்த குடும்பம் இரண்டாம் வாரத்தில் தியேட்டருக்கு வராது. மேலே பார்த்த 56 குடும்பங்கள் இவர்கள்தான். தியேட்டர்காரர் திங்கட்கிழமை காலை வார இறுதி எண்களைப் பார்த்து எந்தப் படத்தைத் தொடர்வது என்று முடிவெடுப்பார். இரண்டாம் வாரம் மெலிந்தால் மூன்றாம் வாரம் கிடையாது. பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள லெனேசியாவுக்கும் படம் போகும் வாய்ப்பு அங்கேயே முடிந்தது.

முறையான வழியும் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஓடிடி உரிமை நாடுவாரியாகப் பிரித்து விற்கப்படுகிறது. படத்தை வாங்கிய தளம் இங்கே சேவை தராவிட்டால், அல்லது அதன் உரிமையில் ஆப்பிரிக்கா சேரவில்லையென்றால், காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் வழியில்லை. டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையில் தென்னிந்தியச் சேனல் தொகுப்பு உண்டு. அதில் படம் வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளி முழுவதும் திருட்டுப் பிரதிக்குப் போட்டியே கிடையாது.

எல்லாப் பழியையும் திருட்டின் மேல் போடுவதும் நேர்மை ஆகாது. ஸ்டெர்-கினெகோர் தியேட்டர் நிறுவனம் 2021 ஜனவரியில் வணிக மீட்பு நடவடிக்கைக்குப் போனது கொரோனா முடக்கத்தால். 2022, 2023-ல் மின்வெட்டு மாலைக் காட்சிகளை உலுக்கியது. பெட்ரோல், பாப்கார்ன், வாகன நிறுத்தம் சேர்த்தால் நால்வர் குடும்பத்துக்கு ஒரு படம் என்பது டிக்கெட் விலையோடு நிற்பதில்லை. திருட்டுப் பிரதி வந்து அடிப்பது ஏற்கெனவே மெலிந்த உடம்பை.

சட்டம் இருக்கிறது, காகிதம் எங்கே?

தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் பெர்ன் உடன்படிக்கையில் உள்ளவை. இந்தியப் படத்துக்கு இங்கே காப்புரிமை தானாகவே உண்டு. 1978-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு ஒவ்வொரு பிரதிக்கும் 5,000 ராண்ட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 10,000 ராண்ட், ஐந்து ஆண்டு. 'ஒவ்வொரு பிரதிக்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சந்தையில் கள்ள டிவிடி விற்றவரிடம் 100 வட்டுகள் பிடிபட்டால் அந்த எண் பயமுறுத்தும். ஒரே இணைப்பை ஆயிரம் பேருக்கு அனுப்பியவரிடம் எத்தனை பிரதி என்று எண்ணுவது? சட்டம் எழுதியது வட்டு காலத்துக்கு முன்பு.

1997-ஆம் ஆண்டின் போலிப் பொருள் சட்டத்தில் போலீஸ் பறிமுதல் செய்யலாம். ஆனால் அறிவிப்பு கிடைத்த மூன்று நாளுக்குள் புகாரர் குற்றவழக்குப் பதியாவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் சென்னையில், இடைத்தரகர் துபாயில், வழக்கறிஞர் டர்பனில் என்றால் மூன்று நாள் ஒரு மின்னஞ்சலுக்கே போய்விடும். இணையத்தில் ஏற்றியதற்காக இந்த நாட்டில் முதன்முதலில் தண்டனை பெற்றவர் கேப் டவுனைச் சேர்ந்தவர். 2014-ல், 'ஃபோர் கார்னர்ஸ்' என்ற தென்னாப்பிரிக்கப் படத்துக்காக. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. உள்ளூர்ப் படம், உரிமையாளர் பக்கத்திலேயே இருந்தார் என்பதால் அது அவ்வளவு தூரமாவது போனது.

2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம், பிரிவு 77, நீக்கக் கோரும் அறிவிப்புக்கு வழி செய்கிறது. அதில் புகாரரின் முழுப் பெயர், முகவரி, கையொப்பம், மீறப்பட்ட உரிமை, குறிப்பிட்ட கோப்பின் இணைப்பு, என்ன செய்ய வேண்டும் என்பது, நல்லெண்ணத்தோடு செய்கிறேன் என்றும் சொல்வது உண்மை என்றும் உறுதி, எல்லாம் இருக்க வேண்டும். தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் எழுதினால் பயனில்லை. குறிப்பிட்ட பக்கம் வேண்டும். பொய்யாகக் கொடுத்தால் கொடுத்தவர் நஷ்டஈடு கட்ட வேண்டும். உறுப்பினர் நிறுவனங்களுக்கு இணையச் சேவை வழங்குநர் சங்கமான இஸ்பா வழியாக அனுப்பலாம். வெளிநாட்டில் வைத்திருக்கும் கோப்புக்கு இது செல்லாது. ஆகவே இது உதவுவது உள்ளூர் விற்பனையாளரின் பக்கங்களுக்கும் உள்ளூர் சர்வர்களுக்கும்தான்.

நடைமுறையில் வினியோகஸ்தர் சறுக்குவது இதற்கெல்லாம் முன்னாலேயே. காப்புரிமையை மாற்றிக் கொடுப்பதும் தனியுரிமம் தருவதும் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். டர்பன் வினியோகஸ்தரிடம் இருப்பது பல சமயம் ஒரு இன்வாய்ஸும் வாட்ஸ்அப் உரையாடலும். அதை வைத்துக்கொண்டு வழக்கும் போட முடியாது, நீக்க அறிவிப்பில் உரிமையாளர் என்று கையெழுத்தும் போட முடியாது. படம் ஓடும் நான்கு வாரத்தில் சென்னையிலிருந்து காகிதம் வாங்கி முடிப்பதற்குள் வெப் பிரதியே வந்துவிடும்.

புதிய காப்புரிமைத் திருத்த மசோதா 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் அதை அரசமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதைக் காத்திருந்து வியாபாரம் செய்ய முடியாது.

சாட்ஸ்வர்த்தில் பிறந்த படங்கள்

இங்கேயே எடுக்கும் படங்களின் கணக்கு வேறு. ஜெயன் மூட்லி இயக்கி 2017-ல் வந்த 'கீப்பிங் அப் வித் த காந்தசாமிஸ்' சாட்ஸ்வர்த்துக் குடும்பங்களின் கதை. ஆங்கிலப் படம் என்பதால் சப்டைட்டில் என்ற கேள்வியே எழாது. முதல் இரண்டு பாகங்கள் தியேட்டருக்கு வந்தன, 2021, 2023-ல் வந்த அடுத்த இரண்டும் நெட்ஃபிளிக்ஸுக்குப் போயின. தியேட்டர் படம் ஒவ்வொரு டிக்கெட்டிலும் அடிபடும். ஓடிடிக்குத் தொகை பேசி விற்ற படத்தில் திருட்டு அந்தத் தொகையைக் குறைக்காது; அடி அடுத்த பேரத்தில் விழும், ஏனென்றால் எத்தனை பேர் முறையாகப் பார்த்தார்கள் என்பதுதான் அங்கே விலையைத் தீர்மானிக்கும். சிறிய தயாரிப்பாளருக்கு இது தாமதமாகத் தெரியும் நோய்.

இவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1977-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி தென்னாப்பிரிக்காவில் திரைப்படக் காப்புரிமையைப் பதிவு செய்துகொள்ளலாம். நூலுக்கோ பாட்டுக்கோ இந்த வசதி இல்லை. பதிவுச் சான்று கையில் இருந்தால் உரிமையை நிரூபிக்கும் பாரம் பாதியாகும். இந்தியப் படங்களும் செய்துகொள்ளலாம், அநேகமாக யாரும் செய்வதில்லை.

அடுத்த படத்துக்கு

கேம் பிரின்ட்டின் பின்னால் ஓடி முதல் மூன்று நாளை வீணாக்க வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. அந்த நேரமும் பணமும் மூன்று இடத்தில் போகட்டும்.

முதலாவது, ஒப்பந்தம். தனியுரிமத்தை எழுத்தில் வாங்குவது, நீக்க அறிவிப்பில் கையெழுத்திடும் அதிகாரத்தையும் போலீஸில் புகார் தரும் அதிகாரத்தையும் அதிலேயே சேர்ப்பது. தென்னாப்பிரிக்காவில் ஓடிடி வெளியீட்டு நாள் எது, எந்தத் தளம் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குவது. இந்த நாட்டில் அந்தத் தளம் இல்லையென்றால் மினிமம் கேரண்டியைக் குறைத்துப் பேசுவது. நான்காம் வாரத்தில் முறையான போட்டியும் இல்லை, முறையான வழியும் இல்லை என்பதற்கு ஒரு விலை உண்டு.

இரண்டாவது, சாவியும் சப்டைட்டிலும். ஒவ்வொரு திரையின் சர்வர் சான்றிதழையும் படத்துக்குப் பத்து நாள் முன்பு தியேட்டரிடமிருந்து புதிதாகக் கேட்டு சென்னைக்கு அனுப்ப வேண்டும், பழைய பட்டியலை நம்பக்கூடாது. சாவியைப் புதன்கிழமையிலிருந்தே திறக்கும்படி கேட்க வேண்டும். சந்தேகத்தால் தரமாட்டார்கள் என்றால் வியாழன் பிற்பகலாவது. சப்டைட்டில் பதிப்பைக் கடைசி ரீல் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் இருபது நிமிடம் சரியாக இருந்து இடைவேளைக்குப் பின் சப்டைட்டில் இரண்டு வினாடி பிந்தி ஓடும் படங்கள் உண்டு.

மூன்றாவது, இரண்டாம் வாரம். முதல் வாரமே எல்லாத் திரைகளையும் எடுத்து நிரப்பாமல், ஒரு திரையைப் பின்னுக்கு வைத்து, இரண்டாம் வாரத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ லெனேசியாவிலோ புதிதாகத் திறப்பது. கோயில் சபைகளுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஞாயிறு மதியக் காட்சியை மொத்தமாக விற்பது. 120 இருக்கைகளை ஒரே கையில் விற்றால் தேவைப்படும் 225-ல் பாதிக்கு மேல் அங்கேயே வந்துவிடும். மொத்த விலையில் டிக்கெட்டை 80 ராண்டாக இறக்கினாலும் வாட்டும் 40 சதவீதப் பங்கும் போட்டு வினியோகஸ்தருக்கு 27.83 ராண்ட் நிற்கும். 120 பேருக்கு 3,340.

நீக்க அறிவிப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்து, ஓடிடி நாளுக்கு முந்தின இரவு 8.30-க்கு ஒருவரை உட்கார வைக்க வேண்டும். அவர் தேட வேண்டியது உலகத் தளங்களை அல்ல. டர்பன் எண்ணோடு ஐபிடிவி விற்கும் ஃபேஸ்புக் பக்கங்கள், உள்ளூர் டெலிகிராம் குழுக்கள், கூகுள் தேடலில் படத்தின் பெயரோடு வரும் முதல் பக்க இணைப்புகள். கூகுளுக்குத் தனி விண்ணப்பம், ஃபேஸ்புக்குக்குத் தனி விண்ணப்பம், இஸ்பாவுக்குத் தனி. மூன்றுக்கும் ஒரே வார்த்தைகளைப் பிரதி எடுத்து ஒட்டினால் இரண்டு திரும்பி வரும்: இஸ்பா கேட்கும் கையொப்பம் கூகுள் படிவத்தில் வேறு இடத்தில் இருக்கும், ஃபேஸ்புக் கேட்பது உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரி, அது வினியோகஸ்தரின் ஜிமெயிலாக இருந்தால் கேள்வி கேட்பார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் முகவரியில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து தரும்படி ஒப்பந்தத்தின்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.